மரப்பாச்சிக்கு ஒரு புடவை

காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கும் கொலு பொம்மைகளுக்குப் புடவை, நகை எல்லாம் வர்ணத்திலேயே வந்துவிடும். மரப்பாச்சிக்கு நாமதான் உடுத்திவிடணும். எங்க வீட்டில் அது அம்மா வேலை.

கோர்வைப் பட்டுக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. தறியில் அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பது அம்மா. கூலி அப்பா பேரில் வரும். எந்த உடலுக்கு எந்தக் கரை என்பதைப் பாவு கொடுத்தவரே சொல்லிவிடுவார்.

சாண் உயரப் பொம்மைமேல் பட்டு விறைத்து நிற்கும், கொசுவம் படியாது. ராத்திரி முழுக்க நூலால் இறுக்கிக் கட்டிவைத்துப் படியவைப்பாள் அம்மா. ஜரிகைத் துணுக்கில் ஒட்டியாணம், பாசிமணியில் ஆரம். போன நவராத்திரிக்கு, மிஞ்சிய துண்டுகளைத் தைத்து, கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூ நிறக் கரை வைத்தாள்.

"இந்த ஜோடியை யாரும் நெய்யச் சொன்னதே இல்லடி" என்றாள்.