தாஜ்மகாலைச் சுற்றி ஒரு சரிவகம்!

காலேஜ் டூர்னா லிஸ்ட்ல ஆக்ரா இல்லாமலா? ஆனா, உங்க பஸ் தாஜ்மகால் வாசல் வரைக்கும் போகும்னு கனவு காணாதீங்க. கிழக்கு வாசலுக்குப் போறவங்களை ஷில்ப்கிராம் பார்க்கிங்லயே இறக்கி விட்டுடுவாங்க. அதுக்கு மேல பேட்டரி வண்டி, இல்லைன்னா நடராஜா சர்வீஸ். (வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க மக்களே, தாஜுக்கு லீவு!)

இந்த நடைக்குப் பின்னால பெரிய கதையே இருக்கு. 1982-ல் பக்கத்து மதுராவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது. ஆக்ராவின் இரும்பு வார்ப்பாலைகளும், ஃபிரோசாபாத்தின் கண்ணாடி உலைகளும் ஏற்கெனவே நிலக்கரிப் புகையைக் கக்கிட்டு இருந்தன. புகையில் இருக்கிற கந்தக டை ஆக்ஸைடு, காத்துல உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். பளிங்கோ கால்சியம் கார்பனேட். ரெண்டும் சந்திச்சா என்ன ஆகும்னு ப்ளஸ் டூ லேப்லயே பார்த்திருப்பீங்க!

1984-ல் வக்கீல் எம்.சி.மேத்தா உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1996 டிசம்பர் 30-ல் தீர்ப்பு வந்தது. தாஜைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 'தாஜ் டிரபீசியம்'னு பேர். மேத்ஸ்ல படிச்ச அதே சரிவகம்தான்! அதுக்குள்ள இருக்கிற 292 ஆலைகள் நிலக்கரியை விட்டுட்டு எரிவாயுவுக்கு மாறணும். முடியாதவங்க இடத்தைக் காலி பண்ணணும். தொழிலாளிங்களை நட்டாத்துல விடக் கூடாதுன்னும் நீதிபதிகள் எழுதி வெச்சாங்க.

இந்தத் திட்டத்தோட நிஜமான சோதனைக்களம் தாஜ் இல்லை. 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஃபிரோசாபாத். நம்ம ஊர்க் கடைகளில் தொங்குற கண்ணாடி வளையல்களுக்குப் பிறந்த வீடு. வெறுமனே 'நிலக்கரி கூடாது'ன்னு சொல்லியிருந்தா ஊரே பட்டினிதான். ஆலைகளுக்குக் குழாயில் எரிவாயு வந்தது, அதுவும் சலுகை விலையில். அதனாலதான் உலைகள் மாறின. தடையோடு மாற்று வழியும் கையில் கொடுத்தா சட்டம் வேலை செய்யும்ங்கறதுக்கு இந்த ஊரே சாட்சி.

ஆனா, வளையல் உலையோடு முடியறதில்லை. அதோட ரெண்டு முனைகளையும் சூடு காட்டி ஒட்டுற வேலை வீடுகளில் நடக்கும். காத்தோட்டம் இல்லாத சின்ன அறைகளில், மண்ணெண்ணெய்ச் சுடருக்கு முன்னால், பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து செஞ்ச வேலை அது. அந்தப் புகை 292 ஆலைகள் கணக்கில் வரவே இல்லை.

இவ்வளவு பண்ணியும் தாஜ் மஞ்சளாகுதே, ஏன்? தூசியும், குப்பையும் விறகும் எரியறப்போ வர்ற கரித்துகளும்தான்னு 2014-ல் வெளிவந்த ஆய்வு காட்டுச்சு. பளிங்குக்கு முல்தானிமட்டி ஃபேஸ்பேக் போட்டு வெளுக்க வைக்கிறாங்க. அந்தத் துகளைச் சுவாசிக்கிற ஆக்ராக்காரங்க நுரையீரலுக்கு எந்த மண்ணைப் பூசறது?

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் ஆக்ராவும் உண்டு. பி.எம் 2.5 என்கிற நுண்துகள், ஒரு கன மீட்டர் காத்துல ஆண்டு சராசரியா 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது 2009-ல் வந்த நம்ம நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5!

ஆக்ரா போனா தாஜோடு திரும்பிடாதீங்க. ஃபிரோசாபாத்துக்கும் ஒரு நடை போய், வளையல் தெருவைப் பாருங்க. அங்கே டஜன் கணக்கில் பேரம் பேசறதுக்கு முன்னால, அதை ஒட்டின வீட்டுக்கு ஜன்னல் இருக்கான்னும் கேளுங்க.