அம்மாவின் பிறந்தநாள் சாப்பாடு

கண்டியிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஹாலிஎலயிலிருந்து ரயிலேறினோம். அம்மாவின் பிறந்தநாள் சாப்பாடு கண்டிக்குப் பக்கத்திலுள்ள கன்னொறுவ 'ஹெல போஜுன்' உணவுக்கூடத்தில். விவசாயத் திணைக்களம் நடத்துவது. சமைத்து விற்பவர்கள் கிராமத்துப் பெண்கள், வருமானமும் அவர்களுக்கே. கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கோதுமை ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போன அம்மா, சுடச்சுடக் குரக்கன் ரொட்டியைப் பிய்த்து, கட்டசம்பலில் தொட்டு, வல்லாரைக் கஞ்சியும் குடித்தார். கேக் வெட்டவில்லை, இலையில் அவித்த ஹலப்பவைத்தான் பேரப்பிள்ளைகள் ஊட்டிவிட்டார்கள். அடுப்படியில் நின்ற அக்காவிடம் மாப் பக்குவத்தைச் சிங்களத்திலேயே விசாரித்தார் அம்மா. அம்மாவுக்கு இருக்கும் கைப்பக்குவத்துக்கு எப்போதோ ஒரு கடை கிடைத்திருக்க வேண்டும். தோட்டத்துப் பெண்கள் நடத்தும் இப்படியொரு கூடம் ஹாலிஎல டவுனிலும் வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.