கால் மில்லிமீற்றர்

ரயில் வரும் நேரத்தில் லேத்துக்காரர் அளவெடுப்பதில்லை. கல்கிசையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் அந்த லேத் பட்டறை இருக்கிறது. தண்டவாளத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு மதிலும் இரண்டு தென்னைகளும்தான். கரையோர ரயில் கடக்கும்போது மேசை அதிரும், டயல் கேஜின் முள் நடுங்கும். அந்த நேரத்தில் கேஜைச் சிலிண்டருக்குள் அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். கடைசிப் பெட்டியின் சத்தமும் அடங்கிய பிறகுதான் மறுபடி தொடுவார்.

"அவசரப்பட்டா முள்ளு பொய் சொல்லிரும் ஐயா" என்றார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினைந்து வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத்துக்கு எடுபிடியாக வந்தவர். இப்போது தலைமுடி முழுக்க வெள்ளை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் என்பதால் ஒவ்வொரு கருவியையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். எதை எடுத்தாலும் முதலில் துணியை அவிழ்க்கவேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி சுற்றவேண்டும். நான் அங்கிருந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட அவர் அதை மறக்கவில்லை.

நான் போனது ஒரு வாக்குவாதத்தைக் கேட்க. வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகன் ஒரு பழைய ஹொண்டா சிவிக் வைத்திருக்கிறான். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் நடக்கும் மலையேற்ற ஓட்டத்துக்காக அதைத் தயார் செய்கிறான். 1934 முதல் அறியப்பட்ட ஓட்டம் அது, ஏப்ரல் வசந்த காலத்தின் பெரிய கூட்டங்களில் ஒன்று. வண்டிகள் முட்டிமோதிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும், கடிகாரம் ஒன்றுதான் எதிரி. அதனால்தான் எந்த வண்டியை எந்த வண்டியோடு ஒப்பிடுவது என்ற கேள்வி அங்கே பெரிதாகிறது. பக்கத்தில் ஓடாத இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்துவது வகுப்பு விதி ஒன்றுதான். "மாமா, ஒருக்கா வாங்கோ. கால் மில்லிமீற்றருக்கு மூண்டு பேர் சண்டை பிடிக்கினம்" என்றான்.

சண்டையின் கணக்கு எளியது. அந்த எஞ்சின் டி15பி. சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 84.5. நான்கு சிலிண்டருக்கும் பெருக்கினால் 1493 சிசி. வகுப்பின் எல்லை 1500. முப்பது வருடம் ஓடிய எஞ்சின் என்பதால் விட்டம் தேய்ந்து 75.09 ஆகியிருக்கிறது. ரிங் சரியாகப் பிடிக்காது, எண்ணெய் எரிகிறது. வழக்கமான வைத்தியம், போர் அடித்து 0.25 பெரிய பிஸ்டன் போடுவது. கம்பனியே அந்த அளவில் பிஸ்டன் விற்கிறது. ஆனால் 75.25-க்குக் கணக்குப் பார்த்தால் 1503 சிசி வருகிறது. மூன்று சிசி கூட. அரை மில்லிமீற்றர் பெருப்பித்தால் 1513.

இந்த 1500 எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும் உரிய எண் இல்லை அது. ஜப்பானில் வருடாந்த வாகன வரி சிசி கணக்கில் படிப்படியாக ஏறும். 1000 ஒரு படி, 1500 அடுத்த படி. அந்தப் படிக்குக் கீழே நிற்கவேண்டும் என்பதற்காகவே கம்பனிகள் எஞ்சினை 1493 என்றும், நிசான் மார்ச்சை 997 என்றும் வெட்டியிருக்கின்றன. நம் நாட்டு இறக்குமதி வரியும் சிசியைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ஆகவே இங்கே கூடுதலாக வந்து சேர்ந்த வண்டிகள் அவையே. மலிவாகக் கிடைத்த வண்டியில்தான் பையன்கள் ஓட்டப் பழகினார்கள், வகுப்புகளும் அந்த அளவுகளைச் சுற்றியே அமைந்தன. யாரோ ஒரு ஜப்பானிய வரி அதிகாரி கீறிய கோடு இன்று நுவரெலியாத் தேயிலைக்குள் ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஏழு சிசிதான் இடைவெளி. புது எஞ்சினுக்கு அது போதும். பழசுக்குப் போதாது.

எஞ்சின்கள் பழசாகத்தான் இருக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த எஞ்சினின் விலை எப்படி ஏறியது என்பதைப் பட்டறையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையாகச் சொன்னார்கள். முன்பென்றால் தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவார்களாம். இப்போது இருப்பதைத் திருத்துகிறார்கள். லேத்துக்காரருக்கு வேலை கூடியது அப்படித்தான்.

வாக்குவாதத்தில் மூன்று குரல். பக்கத்துக் கராஜின் பாஸ் சிங்களவர். பாதி தமிழும் பாதி சிங்களமுமாக, ஆனால் தயக்கமில்லாமல் பேசுவார். அவரைப் பொறுத்தவரை 0.25 போடலாம். "தேஞ்சு போனா திருத்த வேணும்தானே மாத்தையா. திருத்துறது களவா? மூணு சிசியில என்ன வரும்?" அவர் சொல்வது சரி. 1493-இல் பத்து சிசி கூடினால் ஒரு சதவீதம்கூட இல்லை. கேம் ஷாஃப்டை மாற்றினால் வரும் பலத்துக்குப் பக்கத்தில் இது தூசு.

இரண்டாவது குரல் ஒரு பெரியவருடையது. முன்பு ஓட்டங்களில் வண்டிச் சோதனை செய்தவர். இப்போது மாலையில் நடக்கப் போகும் வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பார். மருமகன் அவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறான். அவர் பிடிவாதமாக நின்றார். "மூண்டுக்கு விட்டா அடுத்தவன் பதின்மூண்டோட வருவான். அவனுக்கு என்ன பதில் சொல்றது? புத்தகத்தில என்ன எழுதியிருக்கோ அதுதான்." பிறகு மினி கதையைச் சொன்னார். 1966 மொன்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடமும் மினி கூப்பர்களுக்கு. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், குற்றமில்லை. கடைசியில் முன்விளக்கு பல்ப் விதிப்படி இல்லை என்று மூன்றையும் தள்ளிவிட்டு ஒரு சிட்ரோயனுக்குப் பரிசைக் கொடுத்தார்கள். "அநியாயந்தான். ஆனா பல்பையும் புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாமே?" அரை நூற்றாண்டுக்கும் பழைய அந்த வழக்கில் அவர் இன்னும் தீர்ப்பை மாற்றவில்லை. இலங்கையில் மினி ஓட்டும் ஆட்கள் முன்னால் இதைச் சொன்னால் அடிதான் விழும் என்று மருமகன் சிரித்தான்.

மூன்றாவது குரல் லேத்துக்காரருடையது. அது வெகு நேரம் வரவில்லை.

விதிப்புத்தகத்தில் எல்லாப் பக்கங்களும் இப்படி வாதத்துக்கு உரியவை இல்லை. பாதுகாப்புப் பற்றிய பக்கங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்த பிறகு, ரோல் கேஜின் குழாய்க் கனத்தையோ இருக்கைப் பட்டியையோ பற்றிப் பேச்செடுத்தால் அந்தப் பட்டறையில் குரல்கள் தாழ்ந்துவிடுகின்றன. தர்க்கம் நடப்பதெல்லாம் நியாயம் பற்றிய பக்கங்களில்தான்.

எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டோகுரொஸ் என்று ஒன்று உண்டு. பெரிய வெற்றுத் தளத்தில் செம்மஞ்சள் கூம்புகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடவேண்டும். ஒவ்வொரு வண்டியாக, கடிகாரத்துக்கு எதிராக. கூம்பொன்றைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டம். மஸ்டாங், கமாரோ போன்ற கனத்த வி8 வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு விதமாக எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் மாற்றியிருப்பார்கள். மாற்றம் கூடக்கூட அவர்களை இன்னும் கடுமையான வகுப்புக்குத் தள்ளும் பழைய விதிகளில், தெருவிலும் ஓட்டும் அந்த வண்டிகளுக்கு இடமே கிடைக்கவில்லை. 'கிளாசிக் அமெரிக்கன் மசில்' என்று அங்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் கிளப் திறந்த வகுப்புகள் அதற்கொரு வழி சொன்னன. எஞ்சினில் ஏறக்குறைய எதையும் செய்துகொள். எடைக்கு ஒரு கீழெல்லை உண்டு. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் தேய்மான எண் 200-க்குக் குறையக்கூடாது. பழைய உடம்பு, புதிய உடம்பு, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் என்று மூன்றாகப் பிரித்தாயிற்று.

இதன் சூட்சுமம் எனக்குப் பிடித்திருந்தது. கூம்புகளுக்கிடையே எத்தனை குதிரைவலு இருந்தாலும் அதை நிலத்தில் இறக்குவது டயர்தான். டயரைப் பிடித்தால் எஞ்சினைத் திறந்துவிடலாம். ஆனால் அந்த 200 என்ற எண்ணைச் சோதித்துப் பொறிப்பது டயர் கம்பனியே. ஆகவே 200 என்று பொறித்துக்கொண்டு பசைபோல ஒட்டும் டயர்களைக் கம்பனிகள் கொண்டுவந்தன. அடுத்த வாதம் டயரைப் பற்றியதாயிற்று. இதை நான் சொன்னபோது பெரியவர் தொடையில் தட்டி "பாத்தீங்களா!" என்றார். பாஸும் "பாத்தீங்களா!" என்றார். இருவருக்கும் அது தம் கட்சிக்கான சாட்சியாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். 1988-இல் போர்முலா மாருதி என்று ஒரு வகுப்பைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரியான சின்ன ஒற்றை இருக்கை வண்டி, மாருதி 800-இன் எஞ்சின். வண்டி ஒன்றேயானால் வித்தியாசம் ஓட்டுகிறவனிடம்தான் என்பது அதன் நியாயம். பணக்கார வீட்டுப் பொழுதுபோக்காக இருந்ததற்குள் சம்பளக்காரர்களும் வர அது வழிவிட்டது. 2005-இல் போர்முலா வன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனின் ஆரம்பமும் அந்தச் சின்ன வண்டிகளில்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஓடியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கரிவர்தனுடைய வண்டிகளை ஒரே அளவில் ஒட்டவைத்துக் கொடுத்த வெல்டர்களையும் கடைசல்காரர்களையும் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. எனக்கு அது குறையாகவே இருக்கிறது.

ஏனென்றால் பட்டறையில் இருந்த இரண்டு நாளில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வகுப்பு விதி வண்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே வேலையைப் பிரித்துவிடுகிறது. இதை எனக்குச் சொன்னது பாஸ்தான், பிளேன்ரீயும் மாலுபாணுமாக உட்கார்ந்திருந்த இடைவேளையில். எஞ்சினைத் திறந்துவிட்டால், வெளிநாட்டுக் கம்பியூட்டர் பெட்டியை வரவழைத்துப் பூட்டி, லேப்டொப்போடு வருகிற ஆளுக்குத்தான் காசு. விதி இறுக்கமாக இருந்தால், இருக்கிற சாமானை ஆகச் சரியாகச் செய்கிற கைக்கு வேலை. நான்கு கொனெக்டிங் ரொட்டையும் தராசில் வைத்து ஒரே எடைக்கு உரசுவது. ஹெட்டைக் கவிழ்த்து, மேலே பெர்ஸ்பெக்ஸ் தட்டு ஒட்டி, பியூரெட்டால் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு நான்கு அறையும் ஒரே கொள்ளளவா என்று பார்ப்பது. இவையெல்லாம் கம்பனி போட்ட சாமானைக் கம்பனி வரைந்த அளவுக்கே கொண்டுவருகிற வேலைகள். விதிகள் எளிதில் தடுக்க முடியாதவை. காசைவிடப் பொறுமை கூடுதலாகக் கேட்பவை.

அதனால் நான் இறுக்கமான விதியின் பக்கம். ஆனால் அந்த விதியை எழுதும் மேசையில் இந்தக் கைகளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். 1500 என்று எழுதும்போது, "தேய்ந்த எஞ்சினுக்கு முதல் ஓவர்சைஸ் வரை அனுமதி" என்று ஒரு வரி சேர்ப்பதா வேண்டாமா என்பதை, ஒரு சிலிண்டர் எத்தனை வருடத்தில் எவ்வளவு தேயும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவரிடம் கேட்காமல் எப்படி எழுதுவது?

லேத்துக்காரரிடம் நானே கேட்டேன். துணியை அவிழ்த்தபடி சொன்னார்: "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க. ஸ்லீவ் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லைங்களே."

அதாவது சிலிண்டரின் பழைய இரும்புச் சுவரையே கடைந்து எடுத்துவிட்டு, புதுச் சுவர் இறக்கி, மறுபடி 75-க்கே கடைவது. செலவு அதிகம், வேலை மூன்று மடங்கு. மருமகன் என்னைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான், தலையாட்டினான்.

மறுநாள் விடியவே போய்விட்டேன். ஸ்லீவ்கள் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள், மீன் பார்சல்களுக்குப் பக்கத்தில், பொலித்தீனில் சுற்றிக் கிடந்தன. அலுமினிய புளொக்கை அடுப்பில் சூடேற்றினார்கள். சூட்டில் துளை விரியும், குளிரில் ஸ்லீவ் சுருங்கும், இறக்குவதற்குச் சில கணங்கள்தான் இருக்கும். கோணலாக இறங்கினால் புளொக் போயிற்று. அவர் இறக்கியபோது யாரும் பேசவில்லை. நான்கு தரம் ஒரு மங்கிய 'டொக்'.

ஆறிய பிறகு கடையத் தொடங்குமுன், ஒரு கனத்த இரும்புத் தட்டை புளொக்கின் மேல் வைத்து, ஹெட் போல்ட்களை முழு இறுக்கத்துக்கு முறுக்கினார். ஹெட்டைப் பூட்டும்போது சிலிண்டர் வாய் மிகச் சிறிதளவு கோணும். கோணிய நிலையிலேயே கடைந்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். தட்டு அவரே செய்தது. பெரியவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் எஞ்சின் அளந்திருக்கிறன். ஹெட்டைக் கழட்டிப் போட்டுத்தான் அளந்தனான்" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் அவர் அளந்தது ஓடாத வேளையில் மட்டும் உள்ள அளவு. அதை அவர் உடனே உணர்ந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தட்டின் கனம் எவ்வளவு, எந்த இரும்பு, போல்ட் இறுக்கம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லேத்துக்காரர் சொல்லச் சொல்ல, ஒரு சிகரெட் அட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஹோன் கல் உள்ளே போய் வந்தது. சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழுந்தன. எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். துடைத்தார், கேஜை இறக்கினார். அப்போது பாணந்துறைப் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டு நின்றார். நாங்களும் நின்றோம். மதிலுக்கு மேலால் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு போனார்கள். பிறகு கடலின் சத்தம் மட்டும்.

முள்ளைப் பார்த்தார். சோக்கட்டி எடுத்து புளொக்கின் பக்கவாட்டில், சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதினார். 75.01. 75.01. 75.01. நான்காவதை இரண்டு தரம் அளந்துவிட்டு எழுதினார். 75.01.

பிறகு கேஜை எண்ணெய்த் துணியில் சுற்றினார்.