பால் வண்டி ஓடுது

போன வெள்ளிக்கிழமை அபிஷேகப் பால் அரை மணி நேரம் தாமதமா வந்ததுக்கு மன்னிக்கணும். காரணம் எங்க மோட்டார்தான். பால் டின்னோடு மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்துது, வண்டி நகரலை. கிளட்ச் தேஞ்சு போச்சு.

போர்மேன் கடையில் கூட்டம். நாங்களே வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். ஆயில் பிடிக்க ஆலயத்துச் சட்டியை எடுக்கப் போய், மடப்பள்ளி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்! சமையல் எண்ணெய் பாட்டிலை வெட்டி வைத்துக்கொண்டோம். பக்க மூடி போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. கற்பூரப் பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் சொருகினோம். ஒட்டிப்போன கேஸ்கெட்டைப் பழைய பேங்க் கார்டால் சுரண்டினோம். புது பிளேட்டுகள் ராத்திரி முழுக்க பிஸ்கட் டின்னில், இஞ்சின் ஆயிலில் ஊறின. காய்ந்தபடி மாட்டினால் கருகிடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

தப்பு எங்களுடையதுதான். யாரோ அன்பாகக் கொடுத்த கார் ஆயிலை, வீணாகக்கூடாதுன்னு மோட்டாரில் ஊற்றிட்டோம். இந்த வண்டியில் கிளட்ச் இஞ்சின் ஆயிலுக்குள்ளேயே சுற்றுது. சில கார் ஆயிலில் சேர்க்கிற வழுக்கு மருந்து பிளேட்டைப் பிடிக்க விடாது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' இருக்கான்னு பாத்து வாங்குங்க.

பிரதோஷத்துக்கு அதே மேட்டில் 20 லிட்டர் பாலோடு ஏறியது. லீவர்தான் கொஞ்சம் கனமா இருக்கு, கேபிளைப் பார்க்கணும்.