நாற்பது வளைவும் நாலு சைக்கிளும்

வால்பாறைக்குப் பஸ்ஸில் போனவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள். மலை என்றால் என்னவென்று முழங்கால் சொல்லும்!

சென்ற ஏப்ரலில் நாங்கள் நால்வர் பொள்ளாச்சியிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். வால்பாறை 64 கிலோமீட்டர். என் பாட்டி கொழுந்து பறித்த ஊர். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை, நான் பார்த்ததில்லை.

ஆழியாறு அணை வரை தென்னந்தோப்பு நிழல். பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாட்டு நின்றுவிட்டது! செக்போஸ்ட்டில் வனக்காவலர், "ஆனை நடமாட்டம் இருக்குது தம்பி. பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

என்னுடையது அப்பா மூட்டை ஏற்றும் சைக்கிள். முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் சுமார் 5.4 மீட்டர் ஓடும். சமதளத்தில் அது லாபம். ஏற்றத்திலோ, அத்தனை தூரத்துக்கு உடம்பையும் வண்டியையும் ஒரே சுற்றில் மேலே தூக்க வேண்டுமே! கியர் சைக்கிள் என்றால் பெரிய பின் பல்சக்கரத்துக்கு மாற்றலாம். தூரம் குறையும், கால் சுமையும் குறையும். வகுப்பில் எழுதிய கியர் ரேஷியோ மூன்றாவது வளைவில்தான் புரிந்தது.

9-வது வளைவு லோம்ஸ் வியூ. கீழே அணைத் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் தெரிந்தது. பாறை மேல் இரண்டு வரையாடுகள் எங்களை வேடிக்கை பார்த்தன!

12-வது வளைவில் உச்சி வெயில். தார் ரோடு அனல் கக்கியது. ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "தலை சுத்துதுடா மாப்ளே" என்று உட்கார்ந்துவிட்டான். நிழலில் படுக்கவைத்துக் கழுத்தில் ஈரத்துண்டு போட்டோம். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போய்விடும் அல்லவா? கொண்டுபோன மோரில் உப்பைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

"நீங்க போங்கடா, நான் இங்கயே இருக்கேன்" என்றான். யானைக் காட்டில் தனியாகவா? மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே ஒருமுறை பார்த்தேன். "வந்தது நாலு பேரு, எறங்குறதும் நாலு பேரு" என்று வண்டியைத் திருப்பினேன்.

முதல் சில வளைவுகள் தள்ளிக்கொண்டே நடந்தோம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடிக்காதீர்கள்; ரிம் சூடேறும், ரப்பர் கட்டை தேயும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள். நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கூட்டமாகப் போனால், பின்னால் வருகிறவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். டிப்ளமோவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இன்னும் 28 வளைவு பாக்கி. வெயில் தணிந்த மார்கழியில் போகிறோம். யார் யார் வருகிறீர்கள்?