வரைபடத்தில் இல்லாத ஊரின் அணி

டெல்லி துவாரகாவின் அடுக்ககங்களில் சொந்த ஊர் எது என்று கேட்டால் துவாரகா என்று சொல்பவர் அரிது. பெயருக்கேற்ற இடம்தான். ஜராசந்தனின் தொல்லை தாங்காமல் மதுராவை விட்டு வந்தவர்களுக்காகக் கண்ணன் எழுப்பிய நகரம்தானே அந்தப் பழைய துவாரகை!

எங்கள் மாடிவீட்டு வங்காளிப் பெரியவர் தன் ஊர் பரிசால் என்பார். பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லியில். பரிசால், அவருடைய அப்பா பிரிவினையின்போது விட்டுவிட்டு வந்த ஊர். இவர் அதைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் கல்கத்தாக் கால்பந்தில் மோகன் பகானோடு ஈஸ்ட் பெங்கால் மோதுகிற நாளில் சிவப்பு-மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவார். ஜெயித்தால் இலிஷ் மீன் குழம்பு எங்கள் வீடு வரைக்கும் வரும். தோற்றால் மாடிப்படியில் பார்த்தாலும் பேச மாட்டார்.

ஈஸ்ட் பெங்காலைத் தொடங்கியவர்கள் அகதிகள் அல்ல. 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபாகன் அணி களமிறக்கவில்லை. கிழக்கத்தியான் என்ற இளக்காரம்தான் காரணம் என்று கொதித்த அந்த அணியின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, ஆகஸ்ட் 1 அன்று புதுச் சங்கம் கண்டார். 27 ஆண்டுகள் கழித்து நாடு பிளந்து, கல்கத்தாவின் ரயில் நிலையங்களில் ஜனம் வந்து குவிந்தபோது, அவர்கள் ஊர்ப் பெயரோடு ஓர் அணி அங்கே தயாராக இருந்தது. கிழக்கு வங்காளம் பிறகு கிழக்குப் பாகிஸ்தானாகி, 1971-இல் வங்கதேசமாகிவிட்டது. பழைய பெயர் இன்று மிச்சமிருப்பது சட்டையில்தான்.

கிரேக்கத்தில் கதையின் வரிசை வேறு: அகதிகள் முதலில், அணி பிறகு. 1923 லொசான் ஒப்பந்தப்படி துருக்கியும் கிரேக்கமும் மதத்தை வைத்து மக்களை மாற்றிக்கொண்டன. பன்னிரண்டு லட்சம் பேர் கிரேக்கத்துக்கு அகதிகளானார்கள். பரிமாற்றப் பட்டியலில் இல்லாத கான்ஸ்டான்டினோபிளிலிருந்தும் பலர் கிளம்பினார்கள். அவர்கள் 1924-இல் ஏதென்ஸில் தொடங்கியது ஏ.இ.கே. அந்தக் கடைசி எழுத்து கான்ஸ்டான்டினோபிளைக் குறிக்கும். சின்னம், பைசாந்தியத்தின் இருதலைக் கழுகு. கால்பந்து மட்டுமல்ல, வேறு பல விளையாட்டும் உண்டு. 1968-இல் பழைய ஒலிம்பிக் அரங்கில் எண்பதாயிரம் பேர் பார்க்க, பிராகாவின் ஸ்லாவியாவை வென்று கூடைப்பந்தில் ஐரோப்பியக் கோப்பை வாங்கியது. கிரேக்க அணி ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பையே அகதிகள் சங்கத்துடையது.

நம் பக்கத்து ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி ஒன்று உண்டு. 1949 முதல் 1951 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்றது. அப்போதைய முன்கள வீரர்கள் ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. வங்காளிகள் இவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். ஐவருமே தென்னிந்தியர்கள்! இழந்த ஊருக்காக அழுதுகொண்டிருந்தவர்கள் கோல் போட வந்தவனிடம் ஊர் கேட்கவில்லை. இந்தச் சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காததும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது ரசிகர்களுக்குள் கலவரம் மூண்டு 16 பேர் செத்தார்கள். ஊர்ப்பாசம் வெறியாகிற எல்லை மிகவும் மெல்லியது. அதே ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள்தான் 2020 ஜனவரியில், குடியுரிமைக்குக் காகிதம் கேட்ட காலத்தில், இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்று மைதானத்தில் பதாகை பிடித்தார்கள்.

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அங்கே பிறந்தவர்களுக்கும் பார்க்காத ஊர் ஒன்று இருக்கிறது. அரசு இப்போது புது வீடுகள் கட்டித் தருகிறது, நல்ல காரியம். பக்கத்திலேயே ஒரு மைதானத்துக்கும் இடம் ஒதுக்கட்டும். சட்டையில் என்ன ஊர்ப் பெயர் எழுதுவது என்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.