வில்லன் கிடைக்காத கதை

மருந்துக் கம்பெனி ஊழலைப் பற்றிக் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கென்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது. நேர்மையான இளம் விஞ்ஞானி, கைக்கு எப்படியோ வந்து சேரும் ரகசிய ஃபைல், நள்ளிரவில் பின்தொடரும் கார், மாடி அறையில் விஸ்கியோடு நிற்கும் முதலாளி. இருபதாவது நிமிடத்தில் முதலாளி கைதாவார், அல்லது விஞ்ஞானி சாவாள். எப்படியானாலும் பார்க்கிறவர் நிம்மதியாக எழுந்து போகலாம். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டதே!

இந்த வகையறாவுக்கெல்லாம் பாட்டனார் 1949இல் வந்த 'தி தேர்ட் மேன்'. போர் முடிந்து நான்கு நாட்டு ராணுவங்கள் பங்கு போட்டுக்கொண்ட வியன்னா நகரில், திருட்டுப் பென்சிலினை நீர்க்கச் செய்து கள்ளச் சந்தையில் விற்கிறான் ஹாரி லைம். கிரஹாம் கிரீன் எழுதி, கரோல் ரீட் இயக்கிய அந்தப் படத்தில் லைமாக ஆர்ஸன் வெல்ஸ் வருவது கொஞ்ச நேரம்தான். ராட்சத ராட்டினத்தின் உச்சியிலிருந்து கீழே புள்ளிகளாக நகரும் ஜனங்களைக் காட்டி, அதில் ஒன்று அசையாமல் நின்றுபோனால் உனக்கென்ன என்று நண்பனைக் கேட்கிறான். அந்த வசீகரத்தில் பார்வையாளரே பாதி அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அந்த மருந்தால் சீரழிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளை ரீட் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. ஒரு கரடி பொம்மை அப்புறப்படுத்தப்படுவதோடு சரி.

பம்பாயில் ஹாரி லைம் இல்லை. 1986 தொடக்கத்தில் அங்குள்ள ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள். கண்ணிலோ மூளையிலோ அழுத்தம் குறைவதற்காகக் கிளிசரின் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். வந்த வியாதி வேறு, செயலிழந்தது சிறுநீரகம். கிளிசரினில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. விசாரித்த நீதிபதி லெண்டின் 1987இல் அளித்த அறிக்கை எந்தத் த்ரில்லரையும்விடப் பீதியூட்டும். ஆலை உபயோகத்துக்கான சரக்கு வியாபாரிகளின் கை மாறி மாறி மருந்தென்ற பெயரில் வார்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொள்முதல் செய்தவர்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், அமைச்சர்கள் என்று நீதிபதி விரல் நீட்டிக்கொண்டே போகிறார். இதில் யாரை ராட்டினத்தில் ஏற்றுவது?

விஷயம் புதிதும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த சல்ஃபா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மறு வருஷமே கடுமையான சட்டம் வந்தது. இது நிறமற்றது, குழகுழப்பானது, இனிப்பானது. சிரப்பில் சேர்க்க வேண்டிய புரொப்பலீன் கிளைக்காலுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலையில்தான் தெரியும்.

2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பரிசோதித்த மாதிரிகளில் குறையில்லை என்றது இந்திய அரசு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். இந்த முறை வெளிநாட்டு நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்க வழியில்லாமல் போயிற்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பில் அந்த விஷம் 48.6 சதவிகிதம் இருந்ததாகச் சொன்னது தமிழக அரசின் சோதனைக்கூடமே. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. முதலில் கைதானவர் சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டர். சில நாள் கழித்துத்தான் கம்பெனி உரிமையாளர். அங்கேயும் முதல் தேவை ஒரு முகம்தான் போலிருக்கிறது.

நேர்மையான குறும்படம் ஒன்றை யாராவது எடுப்பதானால் கார் துரத்தல் வேண்டியதில்லை. ஆலையின் ஸ்டோர் ரூம், ஒரே மாதிரி இரண்டு டிரம், ரிஜிஸ்டரோடு ஒரு கெமிஸ்ட் போதும். மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேஜையில் இருப்பவர்களுக்குத் தெரியாமலிருப்பதுதான் சஸ்பென்ஸ் என்பார் ஹிட்ச்காக். கெமிஸ்ட் டிரம்மைத் திறக்கவில்லை. சப்ளையர் அனுப்பிய சான்றிதழைப் பார்க்கிறான். மணி ஐந்தரை. பேனாவின் மூடியைத் திறக்கிறான். அவன் கெட்டவனும் அல்ல; வீட்டுக்குப் போகிற அவசரம். ஆனால் இந்த வேஷத்துக்கு எந்த நட்சத்திரம் கால்ஷீட் கொடுப்பார்?

'கோல்ட்ரிஃப்' மாதிரியை எடுத்துப் பரிசோதித்து முடிவு சொல்லத் தமிழக அதிகாரிகளுக்கு ஓரிரு நாள்தான் ஆயிற்று. மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்த பிறகு.